கல்லில் எழுதிய மொய் நோட்டு

நம் நாட்டில் விருது வாங்குவது ஒன்றும் பிரமாதமான காரியமில்லை. ஒரு கவிதைப் புத்தகம் போட்டால் 'கவிச்சுடர்'. நாலு பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் கொடுத்தால் 'சேவைச் செம்மல்'. எதுவுமே செய்யாமல் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தால்கூட, மிச்சம் இருக்கிற சால்வையை யாராவது கூப்பிட்டுப் போர்த்திவிடுவார்கள். (ஒரே சால்வை ஒரே மாலையில் மூன்று தோள் மாறுவதும் உண்டு. அது தனிக் கதை.)

ஆனால், ஊர்க் குளத்துப் படிக்கல்லை யாரும் பெயர்த்துக்கொண்டு போகாமல் நாற்பது வருஷம் காவல் காத்த ஒரு பெரியவருக்கு விழா எடுத்து நீங்கள் பார்த்ததுண்டா? நான் பார்த்ததில்லை. காரணம் ரொம்ப எளிது. புதிதாகக் கட்டியவர் என்றால் ரிப்பன் வெட்டலாம். இடித்தவர் என்றால் டெண்டர் விடலாம். காப்பாற்றியவர் என்றால் என்ன செய்வது? நேற்று இருந்தது இன்றைக்கும் இருக்கிறது. இதில் போட்டோ எடுக்க என்ன இருக்கிறது சார்!

இந்த வாரம் அந்த போட்டோவில் வராத ஆட்களைப் பற்றிப் பேசலாம் என்று உத்தேசம். அதற்குப் புதுக்கோட்டையிலிருந்து ஆலங்குடி போகிற பஸ்ஸில் ஏற வேண்டும். பயப்படாதீர்கள், ஏழெட்டு கிலோமீட்டர்தான்.

*

திருவரங்குளம். கொஞ்சம் கண்ணயர்ந்தால் ஆலங்குடியில்தான் இறங்குவீர்கள். அவ்வளவு சாதுவான ஊர். ஆனால் உள்ளே போனால் அரங்குளநாதர் கோயில். ஹரதீர்த்தேஸ்வரர் என்றும் சொல்வார்கள். அம்பாள் பெரியநாயகி.

தலக் கதை சுவாரஸ்யமானது. காட்டில் ஒரு பனை மரம். சாதாரணப் பனை இல்லை, பொற்பனை. பொன்னாலேயே பழம் உதிர்க்கும். ஒரு வேடன் அந்தப் பழத்தைக் கொண்டுபோய் ஒரு வணிகரிடம் கொடுத்து, பதிலுக்கு அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டான். (விவரம் தெரிந்த வணிகர்!) கடைசியில் விஷயம் ராஜா காதுக்குப் போய், அந்தப் பொன்னைக்கொண்டு கோயில் எழும்பியது என்பது கதை. பக்கத்திலேயே பொற்பனைக்கோட்டை என்று ஓர் இடம். அந்தப் பனை இன்னும் பெயரில் மட்டும் காய்த்துக்கொண்டிருக்கிறது.

கதை இருக்கட்டும். திருவரங்குளத்தின் மிகப் பெரிய பிரமுகர் இப்போது ஊரில் இல்லை. டெல்லியில் இருக்கிறார். தேசிய அருங்காட்சியகத்தில்! திருவரங்குளத்து நடராஜர் என்றால் சிற்பம் தெரிந்தவர்கள் எழுந்து உட்காருவார்கள். காலைத் தூக்கி ஆடுகிற ஆனந்த தாண்டவம் நமக்கெல்லாம் பழக்கம். காலண்டர் முதல் பரதநாட்டிய அரங்கேற்றப் பத்திரிகை வரை அதுதான். இவர் அப்படி ஆடவில்லை. முழங்கால்களை மடித்து, காலை மேலே வீசாமல் ஆடுகிறார். சதுர தாண்டவம் என்று பெயர். சோழர் காலத் தொடக்கத்துச் செப்புத் திருமேனி. ஆயிரம் வருஷம் ஆகியும் இடுப்பு பிடித்துக்கொள்ளவில்லை.

டெல்லிக்குப் போகிற புதுக்கோட்டைக்காரர்கள் தாஜ்மகால் பார்க்க ஆக்ராவுக்கு ஓடுகிறார்கள். ஜன்பத்தில் நம்ம ஊர்க்காரர் ஒருவர் நின்றுகொண்டு ஆடுகிறாரே, ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? ஊர் எல்லையில் ஒரு பலகை வைத்தால் தெரியும். 'இந்த ஊர் நடராஜர் டெல்லியில் நலம்' என்று.

*

இந்த ஆலங்குடி வட்டாரத்துக்கு இன்னொரு பெருமை, மொய் விருந்து. கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கமெல்லாம் ஆடி, ஆவணி வந்துவிட்டால் ஊரே ஆட்டுக்கறி வாசம். கல்யாணமும் இல்லை, காதுகுத்தும் இல்லை. மொய் வாங்குவதற்காகவே விருந்து! சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் வரிசையாக மேஜை. நோட்டில் பெயர், ஊர், தொகை. இப்போதெல்லாம் ரூபாய் எண்ணுகிற மெஷின், கம்ப்யூட்டர் ரசீது வரைக்கும் வந்துவிட்டது.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கிற விஷயமில்லை. இது ஒரு சத்தியம். உனக்கு நான் ஆயிரம் செய்தால், என் முறை வரும்போது நீ அந்த ஆயிரத்தோடு மேலே கொஞ்சம் சேர்த்துத் திருப்பிச் செய்ய வேண்டும். மேலே சேர்ப்பதற்குப் 'புதுநடை' என்று அழகான பெயர்கூட வைத்திருக்கிறார்கள். பாண்டு பேப்பர் கிடையாது, ஜாமீன் கிடையாது. மொய் நோட்டு ஒன்றுதான் சாட்சி. அதனால்தான் வீட்டில் நகை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பது மறந்தாலும், மொய் நோட்டு எந்தப் பரணில் இருக்கிறது என்பது அப்பத்தாவுக்கு மறக்காது.

இப்போது கோயில் சுவரைப் பாருங்கள். வரி வரியாக எழுத்து. சாமி பெயரும் மந்திரமும் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். படிக்கத் தெரிந்தவரைக் கேட்டால் சொல்வார்: பாதிக்கு மேல் கணக்கு வழக்கு! இன்ன ஊர் இன்னார் இவ்வளவு நிலம் கொடுத்தார். இன்ன அம்மாள் விளக்கு எரிக்க இத்தனை ஆடு கொடுத்தாள். அதாவது, ஆயிரம் வருஷத்து மொய் நோட்டு. பரணில் வைத்தால் கரையான் அரிக்கும் என்று கல்லில் எழுதிவிட்டார்கள்.

சோழர் காலக் கணக்கு ஒன்று. அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். ஆட்டை வாங்கிக்கொண்ட இடையர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு கிழடாகிப் போனால்? செத்துப் போனால்? அந்தப் பேச்சே கிடையாது. குட்டி போடும் அல்லவா, எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டியது இடையர் பொறுப்பு. அதற்கு 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். சாகாத, கிழடாகாத ஆடு! இந்த மாதிரி ஒரு பிக்ஸட் டெபாசிட்டை எந்த பாங்க்கும் இதுவரை அறிவிக்கவில்லை.

நான் சொல்ல வந்தது இதுவும் இல்லை. இந்தக் கல்வெட்டுகளின் கடைசி வரிதான் விஷயம். தானத்தையெல்லாம் எழுதி முடித்துவிட்டு, கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்கிறார்: இந்த தர்மத்தைக் காப்பாற்றுகிறவர்களின் பாதம் என் தலைமேல் இருக்கட்டும்.

இதை இன்னொரு தடவை நிதானமாகப் படியுங்கள். காசு கொடுத்தவர், நிலம் கொடுத்தவர், சில இடங்களில் ராஜாவே, பின்னால் வரப்போகிற ஒரு முகம் தெரியாத ஆசாமியின் காலைத் தன் தலையில் வைத்துக்கொள்கிறார். அந்த ஆசாமி என்ன செய்தார்? கட்டினாரா? கொடுத்தாரா? இல்லை. இருந்ததை அழியாமல் பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். (அழித்தவனுக்கு? கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவம்! அதையும் அடுத்த வரியிலேயே எழுதி வைத்துவிடுவார்கள்.)

பழைமையைக் காக்கிறவர்களைக் கௌரவிப்பது ஏதோ வெள்ளைக்காரன் சொல்லிக் கொடுத்த நாகரிகம் என்று நினைக்கிறவர்கள் இந்த வரியைப் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்க வேண்டும். இதைவிடப் பெரிய விருதை எந்த நாடும் கொடுத்ததில்லை.

*

கொடுத்ததோடு விட்டார்களா, செய்தும் காட்டினார்கள். அரியலூர்ப் பக்கம் திருமழபாடி. அங்கே பழைய கோயிலைப் பிரித்துப் புதிதாகக் கற்றளி எழுப்ப முடிவானது. ராஜராஜ சோழர் காலம். இடிப்பதற்கு முன்னால், 'சுவரில் இருக்கிற கல்வெட்டுகளையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுங்கள்' என்று உத்தரவு. படியெடுத்து வைத்து, கோயில் எழும்பிய பிறகு, மகன் ராஜேந்திரர் காலத்தில் மறுபடியும் கல்லில் வெட்டினார்கள். அப்பா விட்ட வேலையை மகன் முடிப்பதே ஆச்சரியம். அதிலும் தணிக்கை செய்யாமல், பழைய ராஜாக்கள் கொடுத்த தானத்தையும் சேர்த்து எழுதி வைத்தார்கள் என்பது அதைவிட ஆச்சரியம்.

செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கல்லாக்கியபோதும் இதே ஒழுங்கு. இது பழைய கல்லில் இருந்ததன் நகல் என்று குறிப்பே போட்டிருப்பார்கள். தாசில்தார் ஆபீஸில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்துகிறார்களே, அதற்குப் பாட்டி இந்த வழக்கம்.

இப்போது நம் காலத்துக்கு வருவோம். கும்பாபிஷேகம் நெருங்குகிறது. திருப்பணிக் கமிட்டி கூடுகிறது. கீழே வருவது எந்த ஊர்ப் பேச்சு என்று கேட்காதீர்கள். உங்கள் ஊரில்கூட நடந்திருக்கும்.

"பெரியப்பா, கல்லெல்லாம் கருப்பாக் கெடக்கு. மெஷினை வச்சு மணலை அடிச்சோம்னா பளபளன்னு ஆயிரும்."

"ஆகும்ப்பா. அதுல இருக்கிற எழுத்து?"

"அதை எவன் பெரியப்பா படிக்கிறான்?"

"உன் மொய் நோட்டைக்கூடத்தான் வேற எவனும் படிக்கலை. அடுப்புல போட்டுர்றியா?"

பெரியப்பா ஜெயித்த ஊர்களில் எழுத்து இருக்கிறது. தோற்ற ஊர்களில் சுவர் பளபளவென்று இருக்கிறது, வழித்துவிட்ட தலை மாதிரி. விஷயம் இதுதான். மணல் வீச்சு என்பது அழுக்கை மட்டும் எடுக்காது. காற்றழுத்தத்தில் பாய்கிற மணல் கல்லின் மேல்தோலையே சீவிக்கொண்டு போகும். எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். இரண்டு தரம் 'சுத்தம்' செய்தால் ராஜராஜனும் இல்லை, ஆடும் இல்லை, விளக்கும் இல்லை. பிற்பாடு இந்த முறைக்குத் தடை வந்தது. 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், பழைய கோயில்களையும் சின்னங்களையும் காப்பது பற்றி 75 கட்டளைகளோடு ஒரு நீண்ட தீர்ப்பே கொடுத்தது. ஆனால் கோர்ட்டார் வந்து ஊர் ஊராகக் காவல் இருக்க முடியாதே. கடைசியில் ஒரு பெரியப்பா வேண்டியிருக்கிறது.

*

புதுக்கோட்டைச் சீமைக்கு அப்படிப்பட்ட பெரியப்பாக்கள் விஷயத்தில் அதிர்ஷ்டம் உண்டு. தனி சமஸ்தானமாக இருந்ததில் ஒரு லாபம் அது.

சர் சேஷய்ய சாஸ்திரி என்று ஒரு திவான். திருவாங்கூரில் திவானாக இருந்துவிட்டு 1878இல் புதுக்கோட்டைக்கு வந்தவர், 1894 வரை நிர்வாகம் பார்த்தார். திவான்கள் பொதுவாகக் கஜானாவைத்தான் பார்ப்பார்கள். இவர் குளத்தைப் பார்த்தார். பல்லவன் குளம், புதுக்குளம் இரண்டையும் செப்பனிட்டார். நகரத்தைத் திருத்தி அமைத்தார். சமஸ்தானத்தில் சிதைந்து கிடந்த பழைய சின்னங்கள் பலவற்றைப் பழுது பார்க்கச் சொன்னவரும் அவர்தான்.

புதுக்கோட்டை டவுனுக்குள் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர் நேரான வீதிகள். நடுவில் அரண்மனை இருந்த இடம், சுற்றி நாலு ராஜ வீதிகள், அதற்கு வெளியே கீழ இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி, நாலாம் வீதி என்று நம்பர் போட்டுக்கொண்டே போகும். விலாசம் சொன்னால் வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி இருக்கும். ஆனால் வழி தவறாது. திக்கும் நம்பரும் தெரிந்தால் போதும், யாரையும் கேட்க வேண்டாம். நியூயார்க்கில் இப்படி நம்பர் போட்ட தெருக்களைப் பார்த்து வாயைப் பிளந்துவிட்டு வருகிறவர்கள், ஊருக்குத் திரும்பி மேல ராஜ வீதியில் டூவீலரைக் குறுக்கே நிறுத்துகிறார்கள். அந்த அகலமான வீதியைப் போட்டுக் கொடுத்தவர்களுக்கு நாம் செய்கிற மரியாதை, கடைப் படிக்கட்டை ஆறடி வெளியே தள்ளிக் கட்டுவது!

1910இல் புதுக்கோட்டையில் மியூசியம் திறந்தார்கள். இப்போது திருக்கோகர்ணத்தில் இருக்கிறது. 1929இல் சமஸ்தானத்துக் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டதைப் படியெடுத்துப் புத்தகமாகவே அச்சிட்டார்கள். ஒரு குட்டி சமஸ்தானம் சார் அது! இன்றைக்குச் சில கோயில்களில் கல் சிதைந்து போயிருந்தாலும் வாசகம் தப்பித்தது இந்தப் புத்தகத்தால்தான். ராஜராஜனின் உத்தரவைத் தொண்டைமான் சீமை தொள்ளாயிரம் வருஷம் கழித்து நிறைவேற்றியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கெட்டியாகக் கட்டிய அரண்மனையை என்ன செய்வது என்ற கேள்விக்கும் புதுக்கோட்டையில் ஒரு நல்ல பதில் உண்டு. 1974இல் தனி மாவட்டமானபோது ராஜாவின் புது அரண்மனை கலெக்டர் ஆபீஸ் ஆனது. ராஜா இருந்த இடத்தில் கலெக்டர். மனு கொடுக்க வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் கட்டடம் பிழைத்தது. பழைய கட்டடத்தைக் காப்பாற்ற இதைவிட நல்ல வழி கிடையாது. பூட்டி வைத்தால் வௌவால் குடியேறும். மனுஷன் புழங்கினால் ஒழுகுகிற இடம் உடனே தெரியும்.

*

பொற்பனைக்கோட்டைக்கு வருவோம். பல வருஷம் அது ஒரு மேடு. மாடு மேயும், பிள்ளைகள் விளையாடும். நாற்பது ஏக்கருக்கு மேற்பட்ட இடத்தைச் சுற்றி மண்ணும் செங்கல்லுமாக ஒரு கரை, வெளியே அகழி. 'ஏதோ பழைய கோட்டை' என்று சொல்லிவிட்டு எல்லாரும் போய்க்கொண்டிருந்தார்கள்.

சிலர் போகவில்லை. நின்று குனிந்து பார்த்தார்கள். தமிழ்-பிராமி எழுத்துப் பொறித்த ஒரு நடுகல் இங்கே அடையாளம் தெரிந்தபோது, இது ஏதோ பாளையக்காரர் காலத்துச் சமாசாரம் இல்லை, சங்க காலம் வரைக்கும் போகிறது என்று புரிந்தது. புதுக்கோட்டை தொல்லியல் ஆய்வுக் கழகத்தாரும் ஊர் ஆர்வலர்களும் 'இங்கே தோண்டிப் பாருங்கள்' என்று விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். 2021இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் முதலில் அகழாய்வு செய்தது. 2023இல் மாநிலத் தொல்லியல் துறையே இறங்கியது.

செங்கல் கட்டுமானம் வந்தது. பானை ஓடுகள் வந்தன. எலும்பால் செய்த கூர்முனைக் கருவி, சூதுபவள மணி, அப்புறம் ஒரு குட்டித் தங்க மூக்குத்தி. எடை 0.26 கிராம்! கால் கிராமுக்குக் கொஞ்சம் கூட. தொலைத்த அம்மாள் அன்றைக்கு வீட்டில் என்ன பாட்டு வாங்கினாளோ, யாரைச் சந்தேகப்பட்டாளோ! இரண்டாயிரம் வருஷத்துக்கு அந்தப் பக்கத்தில் நடந்த சண்டை, இன்றைக்குப் பேப்பரில் செய்தி. பொன் காய்த்த பனை என்று கதை சொன்ன ஊரில், மண்ணுக்குள்ளிருந்து நிஜமாகவே பொன் வந்துவிட்டது. வேடனாக இருந்தால் அரிசி பருப்புக்கு மாற்றியிருப்பான். நல்ல வேளை, இந்த முறை கண்டெடுத்தவர்கள் துறைக்காரர்கள்.

நான் சொல்ல வருவது மூக்குத்தி பற்றி அல்ல. அகழாய்வுக்கு முன்னால் அந்த மேட்டை யாரும் சமன் செய்து பிளாட் போடாமல் இருந்தார்களே, அதைப் பற்றி. 'கோட்டை நகர்', 'பொற்பனை அவென்யூ' என்று கலர் கலராகக் கொடி கட்டியிருந்தால் எந்தப் பேராசிரியர் வந்து எதைத் தோண்டியிருக்க முடியும்?

*

கோயிலும் கோட்டையும்தான் பழைமை என்று எண்ணிவிடக் கூடாது. புதுக்கோட்டை வறண்ட பூமி. அங்கே நிஜமான சரித்திரச் சின்னம் கண்மாயும் குளமும்தான். நீர் வற்றின கோடையில் குளத்துக்குள் இரண்டு கல் தூண் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். ஊஞ்சல் கட்டுகிற இடம் என்று பிள்ளைகள் நினைக்கும். அது குமிழித் தூம்பு. அடியில் ஒரு கல் தொட்டி, அதன் மேல் ஒரு துளை, துளைக்கு ஒரு மூடி. மூடியைத் தூக்கினால் தண்ணீர் பூமிக்கடியில் போகிற மதகு வழியே வயலுக்குப் பாயும். தொட்டியின் கீழ்ப் பக்கம் இருக்கிற துளைகள் வழியாக வண்டலும் கூடவே வெளியேறும். தண்ணீருக்கு நீரோடி, சேற்றுக்குச் சேறோடி. குளமும் தூர்ந்து போகாது, வயலுக்கும் உரம் கிடைக்கும். கரண்ட் இல்லை, மோட்டார் இல்லை. இந்தத் தூண்களில் பலவற்றில் போட்டவர் பெயரும் வெட்டியிருக்கும்.

2018 நவம்பரில் கஜா புயல் இந்த வட்டாரத்தைப் புரட்டிப் போட்டது. தென்னை மரங்கள் தீக்குச்சி மாதிரி ஒடிந்து விழுந்தன. மறு வருஷம் கொத்தமங்கலம் பக்கத்து இளைஞர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? யாரையும் எதிர்பார்க்காமல் கையில் இருந்ததைப் போட்டு, வெளிநாட்டில் வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் கேட்டு வாங்கி, குளங்களைத் தூர் வார ஆரம்பித்தார்கள். தோப்பு போன கவலைக்கு நடுவில்! இதற்குச் சரித்திரப் பாதுகாப்பு என்று அவர்கள் பெயர் வைக்கவில்லை. ஆனால் அதுதான் அது. தாத்தா எழுதின மொய்யைப் பேரன் திருப்பிச் செய்திருக்கிறான்.

*

வெளிநாட்டில் என்ன செய்கிறார்கள் என்று கேட்காவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராது. கேளுங்கள். லண்டனில் பிரபலமானவர்கள் வாழ்ந்த வீட்டில் வட்டப் பலகை பதிக்கிறார்கள். 1867இல் முதல் பலகை, கவிஞர் பைரன் பிறந்த வீட்டுக்கு. 1889இல் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள்! ஆக, பலகை மட்டும் போதாது என்பதை வெள்ளைக்காரரும் அனுபவத்தில் கற்றிருக்கிறார். ஜப்பானில் இசே என்கிற கோயிலை இருபது வருஷத்துக்கு ஒரு தரம் பக்கத்து மனையில் புதிதாகவே கட்டிவிடுகிறார்கள். 2013இல் கட்டியது 62ஆவது தடவை. அவர்கள் காப்பாற்றுவது மரத்தை அல்ல, மரத்தை இழைக்கத் தெரிந்த கையை.

யுனெஸ்கோ 2000ஆம் வருஷத்திலிருந்து ஆசிய பசிபிக் வட்டாரத்துக்குப் பாரம்பரியப் பாதுகாப்பு விருது கொடுக்கிறது. 2017இல் ஸ்ரீரங்கம் வாங்கியது. அங்கே செய்த முக்கியமான வேலைகளில் ஒன்று, நடுவில் வந்த ஆக்கிரமிப்பையும், காலப்போக்கில் தரை மூடி மேடேறிப் போன மண்ணையும் அப்புறப்படுத்தியது. சேர்த்ததற்கு அல்ல, எடுத்ததற்குப் பாராட்டு! 2024இல் கும்பகோணத்துப் பக்கம் துக்காச்சி ஆபத்சகாயேஸ்வரர் கோயிலுக்கு அதைவிட உயர்ந்த படியில் விருது கிடைத்தது. துக்காச்சி எங்கே இருக்கிறது என்று கும்பகோணத்துக்காரர்களே அன்றைக்குத்தான் தேடியிருப்பார்கள்.

துக்காச்சிக்குக் கிடைக்கும் என்றால், சின்ன ஊர் என்று யாரும் இனிமேல் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் பாரிஸிலிருந்து விருது வரட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். ஒன்றியத்துக்கு ஒன்றியம் நாமே கொடுக்கலாம். பட்டியல் தயார்:

'சும்மா இருந்தார்' விருது: பழைய மண்டபத்துக்கு ஆயில் பெயின்ட் அடிக்கக் காசும் ஆளும் தயாராக இருந்தும் அடிக்காமல் விட்ட கமிட்டித் தலைவருக்கு. இதுதான் முதல் பரிசு. ரொம்பக் கஷ்டமான சாதனை.

'சுண்ணாம்புக் கை' விருது: சுண்ணாம்பைக் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனாருக்கும், அரைத்துக் கொடுத்த சித்தாளம்மாவுக்கும் பாதிப் பாதி. பழைய செங்கல் சுவர் மூச்சு விடும். சுண்ணாம்புப் பூச்சு அதை விடும். சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டு, சுவர் உள்ளுக்குள் உப்புப் பூத்து உதிரும். இது அவர்களுக்குத் தெரியும். எஸ்டிமேட் போடுகிறவருக்குச் சில சமயம் தெரியாது.

'தாலுகா ஆபீஸ் நடந்தார்' விருது: கிணறு தோண்டும்போது சிலையோ காசோ கிடைத்து, இரவோடு இரவாக மறைக்காமல் மறுநாள் காலையில் தகவல் கொடுத்தவருக்கு. பஸ் சார்ஜும் சேர்த்து.

'படி தாண்டாதவர்' விருது: ராஜ வீதியில் கடை வைத்தும், படிக்கட்டைத் தன் எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொண்ட வியாபாரிக்கு. (தகுதியான ஆள் கிடைத்தால் உடனே தெரிவிக்கவும்.)

'இருட்டு உபயம்' விருது: கோயிலுக்கு டியூப் லைட் கொடுத்து, அதில் தன் பெயரை எழுதாமல் வெளிச்சத்தை வெளியே வர விட்டவருக்கு.

'பெரியப்பா' விருது: மேலே சொன்ன கேள்வியைக் கமிட்டிக் கூட்டத்தில் எழுந்து கேட்டவருக்கு. வயது வரம்பு கிடையாது. இருபது வயசுப் பெண் பிள்ளை கேட்டாலும் அவர்தான் பெரியப்பா.

*

சிரிப்பாகச் சொன்னாலும் இதற்குப் பெரிய செலவு ஒன்றும் ஆகாது. கிராம சபையில் ஐந்து நிமிஷம். ஒரு மாலை. 'இந்தக் குளத்துத் தூம்புக் கல்லை ஜே.சி.பி. தொடாமல் நின்று பார்த்துக்கொண்டவர் இவர்' என்று மைக்கில் ஒரு வரி. அடுத்த வருஷம் இன்னும் நாலு பேர் கல்லைப் பார்த்துக்கொள்வார்கள். நம் ஜனங்கள் காசுக்கு மயங்குவதைவிட மைக்கில் பெயர் வருவதற்கு அதிகம் மயங்குவார்கள். அதை நல்ல காரியத்துக்குப் பயன்படுத்தினால் என்ன தப்பு?

மொய் விருந்து வட்டாரத்தில் ஒரு மனுஷனுக்கு வரக்கூடிய பெரிய அவமானம், 'வாங்கின மொய்யைத் திருப்பிச் செய்யாதவன்' என்ற பேச்சுதான். யோசித்துப் பாருங்கள். வீதி போட்டுக் கொடுத்தார்கள், குளம் வெட்டிக் கொடுத்தார்கள், விளக்குக்கு ஆடு விட்டார்கள், கணக்கையும் கல்லில் எழுதி வைத்தார்கள். வாங்கினவர்கள் பட்டியலில் நம் எல்லார் பெயரும் இருக்கிறது. கொடுத்தவர்களிடம் திருப்பிக் கொடுக்க முடியாது, அவர்கள் இல்லை. பேரன் பேத்திகளிடம்தான் கொடுக்க வேண்டும். புதுநடை சேர்த்துக் கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அசலாவது குறையாமல் இருக்கட்டும்.

உங்கள் ஊரிலும் ஒரு பெரியப்பா இருப்பார். கண்டுபிடித்து இந்த வாரமே ஒரு சால்வை போடுங்கள். புதுச் சால்வையாக!